கட்டிலுக்கடியில் ஒரு சிறு ஜீவன்

2006ஆம் ஆண்டு ஜூலை மாதத்தில், மும்பையில் மழை ஓயாமல் பெய்துகொண்டிருந்த ஒரு மாலை வேளையில், எங்கள் இளைய மகள் தன் மழைக்கோட்டுக்குள் எதையோ மறைத்துக்கொண்டு படியேறி வந்தாள். உள்ளே, சாம்பல் நிறக் கோடுகள் உள்ள ஒரு பூனைக்குட்டி நடுங்கிக்கொண்டிருந்தது. கீழ்த்தளத்து மின்மீட்டர்களுக்கு அடியில் நனைந்து கிடந்ததாம். "ஒரே ஒரு நாள் மட்டும் அப்பா" என்றாள். அப்பொழுது அவளுக்கு எட்டு வயது. ஒரு நாள் பத்து நாட்களாயிற்று. பதினோராம் நாள் விடியுமுன்னே அந்தக் குட்டி மரித்துப்போயிற்று. அதன் மரணத்திற்குக் காரணம் நானே.

பத்தாம் நாள் அது சோர்ந்து படுத்திருந்தது. மூக்கு ஒழுகிற்று, உடம்பு கொதித்தது. வீட்டில் பாராசிட்டமால் மாத்திரை இருந்தது. மூன்று பிள்ளைகளுக்கும் எத்தனையோ இரவுகளில் கொடுத்த மாத்திரைதானே என்று, கால் துண்டை உடைத்து, தண்ணீரில் கரைத்து, நானே அதன் வாயில் ஊற்றினேன். நல்லது செய்கிறேன் என்றே எண்ணினேன். நள்ளிரவுக்குள் அதன் முகம் வீங்கிற்று. ஈறுகள் சேற்று நிறமாயின. மூச்சுக்குத் தவித்துத் தவித்து அடங்கிவிட்டது. மறுநாள் கால்நடை மருத்துவர் ஒருவரிடம் சென்று, நடந்ததைச் சொல்லி, ஏன் என்று கேட்டேன். அந்த மருந்தைக் கட்டி வெளியேற்றும் ஆற்றல் மனிதனுடைய ஈரலுக்கு உண்டு. பூனையின் ஈரலுக்கு அது மிகவும் குறைவு. ஆகையால் மருந்து நஞ்சாக மாறி, இரத்தத்தின் சிவப்பணுக்கள் பிராணவாயுவைச் சுமக்க முடியாதபடி கெடுத்துவிடுகிறது. ஒரு மாத்திரையே வளர்ந்த பூனையைக் கொல்லப் போதுமானது என்றார் அவர்.

என் மகள் என்னைக் குற்றஞ்சாட்டவில்லை. குற்றஞ்சாட்டியிருந்தால் எனக்கு எளிதாயிருந்திருக்கும்.

மறு ஆண்டு ஜனவரியில் இரண்டாம் குட்டி எங்கள் வீட்டிற்கு வந்தது. இந்த முறை கேட்டறிந்து, ஆயத்தம் செய்து கொண்டுவந்தோம். அது 2022ஆம் ஆண்டு வரை, பதினைந்து ஆண்டுகள், எங்களோடு வாழ்ந்தது. இந்த இரண்டு குட்டிகளிடத்தில் நான் கற்றுக்கொண்டதையே உங்களுக்கு எழுதுகிறேன்.

கிராமத்துப் பூனையும் நாலாம் மாடிப் பூனையும்

பூனை குறுக்கே போனால் காரியம் கெடும் என்ற எண்ணத்தை நம்மில் அநேகர் ஊரிலேயே விட்டு வந்துவிட்டோம். ஆனால் பூனையைக் குறித்த வேறொரு எண்ணத்தை மூட்டையோடு கொண்டுவந்திருக்கிறோம். பூனையை வளர்ப்பதற்கு என்ன படிக்க வேண்டும், அது தானாய் வளரும் என்பதே அந்த எண்ணம். ஊரில் அது உண்மைதான். நான் பிறந்த வீட்டில் பூனை யாருக்கும் சொந்தமாயிருக்கவில்லை. மீன் கழுவுகிற இடத்தில் தலையும் குடலும் தின்றது. வைக்கோற்போரில் எலி பிடித்தது. அடுப்புச் சாம்பலில் படுத்தது. மண்ணைத் தோண்டி மலங்கழித்து மூடிவிட்டுப் போயிற்று. சாதத்தில் பால் ஊற்றி வைத்தால் அதையும் நக்கிற்று; ஆனால் அதனால் அது உயிர் வாழவில்லை.

இங்கே நாம் இருப்பதோ 225 சதுர அடி அறையில், நாலாம் மாடியில். எலியும் இல்லை, மண்ணும் இல்லை, ஓடி ஒளிய வைக்கோற்போரும் இல்லை. ஊர்ப்பூனை தனக்குத் தானே தேடிக்கொண்ட யாவையும் இங்கே நம் கையிலிருந்து மாத்திரமே பெற முடியும். இதை நாங்கள் உணராததினாலேதான் எங்கள் முதல் குட்டி பத்து நாட்களும் பாலையும் ரொட்டியையும் தின்று பலவீனப்பட்டது. மாத்திரை கடைசி அடி மட்டுமே.

ஆகையால் கொண்டுவருமுன் சற்று நில்லுங்கள். படிக்கட்டில் தனியாய்க் கத்துகிற குட்டி எல்லாம் அநாதை அல்ல. தாய் இரை தேடிப் போயிருக்கக்கூடும். குட்டி நனையாமலும், நாய்களுக்கு எட்டாமலும் இருந்தால், சில மணி நேரம் தூரத்திலிருந்து பாருங்கள். எட்டு வாரமாவது தாயோடும் உடன்பிறந்த குட்டிகளோடும் இருந்ததே நல்ல குட்டி. எவ்வளவு பலமாய்க் கடிக்கலாம், எப்பொழுது விடவேண்டும் என்பதை அது அங்கேதான் கற்றுக்கொள்ளுகிறது. வயதை அறிய ஒரு சுலபமான வழி உண்டு. குட்டியின் எடை மாதத்திற்கு ஏறக்குறைய 450 கிராம் கூடும். இரண்டு மாதக் குட்டி 900 கிராம் அளவில் இருக்கும். நாங்கள் இரண்டாம் குட்டியைத் துணிப்பையில் வைத்து மளிகைக்கடைத் தராசில் நிறுத்தோம். கடைக்காரர் கிலோ என்ன விலை என்று கேட்டுச் சிரித்தார்.

இன்னொரு கணக்கும் உண்டு. வீட்டிற்குள் வாழும் பூனை பன்னிரண்டு, பதினைந்து ஆண்டுகளும், சில வேளை அதற்கு மேலும் உயிரோடிருக்கும். எட்டு வயதில் குட்டியைத் தூக்கி வந்த பிள்ளை, அது கிழடாகும்போது படிப்பு முடித்து வேறு ஊரில் வேலை பார்த்துக்கொண்டிருக்கும். மணல் தட்டைச் சுத்தம் செய்யும் வேலை பெரும்பாலும் தாயின் தலையில் விழுகிறது. எனவே பிள்ளை கேட்கும்போது தகப்பன் சரி என்று சொல்லிவிடுவது நியாயமல்ல, அவளிடத்தில் கேளுங்கள். வீட்டில் மூச்சிரைப்பு உள்ள பிள்ளை இருந்தால், பூனை உள்ள வேறொரு வீட்டில் சில முறை சில மணி நேரம் இருக்கச் செய்து பாருங்கள். ஒவ்வாமையை உண்டாக்குவது முடியல்ல, பூனையின் உமிழ்நீரிலும் தோலிலும் உள்ள ஒரு புரதம். அது முடியோடும் தூசியோடும் வீடெங்கும் பரவும். கொண்டுவந்த பின் தெரியவருவது இரு சாராருக்கும் வேதனை.

முதல் நாட்கள்

புதிய குட்டி செய்யும் முதல் காரியம் ஒளிந்துகொள்வது. கட்டிலுக்கடியிலோ, பீரோவுக்குப் பின்னாலோ போய் உட்கார்ந்துவிடும். நம் பிள்ளைகளோ துடைப்பத்தை விட்டு வெளியே தள்ளுவார்கள். இதைக் கண்டிப்பாய்த் தடுங்கள். அதற்கு நாம் யாரென்று தெரியாது. குக்கர் விசில் என்னவென்று தெரியாது. மிக்ஸியின் சத்தம் அதன் காதுக்கு எப்படியிருக்கும் என்று எண்ணிப்பாருங்கள். வீடு முழுவதையும் முதல் நாளே அதற்குக் காட்ட வேண்டியதில்லை. ஒரு மூலை போதும். அட்டைப்பெட்டி ஒன்றில் நுழையும் அளவுக்கு ஒரு வாசல் வெட்டி, பழைய பருத்திப் புடவையை உள்ளே விரித்து, கட்டிலுக்கடியில் வையுங்கள். தண்ணீரும் ஆகாரமும் ஒரு பக்கம், மணல் தட்டு எதிர்ப்பக்கம். தான் உண்ணும் இடத்தின் அருகே மலங்கழிக்கப் பூனை விரும்பாது.

அதன் பின் செய்யவேண்டியது தரையில் உட்கார்ந்திருப்பதே. கூப்பிட வேண்டாம், கை நீட்ட வேண்டாம். புத்தகம் வாசியுங்கள், வெங்காயம் உரியுங்கள் (தோலைக் கீழே விடாமல்). அது உங்களைப் பார்க்கும்போது, முறைத்துப் பாராமல், கண்களை மெதுவாய் மூடித் திறவுங்கள். மனிதர் இப்படிச் செய்யும்போது பூனையும் கண்களைச் சுருக்கிப் பதில் காட்டுகிறது என்றும், அப்படிச் செய்த அந்நியரின் கையண்டை எளிதாய் வருகிறது என்றும் இங்கிலாந்தின் சசெக்ஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2020ஆம் ஆண்டில் எழுதினார்கள். என் மனைவி அதற்குப் பல ஆண்டுகளுக்கு முன்னமே அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டே அதைச் செய்தாள். எங்கள் இரண்டாம் குட்டி மூன்றாம் நாள் இரவில் வெளியே வந்து, அவளுடைய முழங்காலை முகர்ந்துவிட்டுத் திரும்ப ஓடிற்று. சில குட்டிகளுக்கு ஒரு மணி நேரம் போதும். சிலவற்றிற்கு இரண்டு வாரம் ஆகும்.

நம்முடைய வீடுகளுக்கே உரிய ஒரு கஷ்டமும் உண்டு. எங்கள் வீட்டில் வெள்ளிக்கிழமைதோறும் ஜெபக்கூட்டம். ஒரே அறையில் இருபத்தைந்து பேர் கைதட்டிப் பாடும்போது, ஐந்து நாள் முன்பு வந்த குட்டியின் நிலை என்ன? முதல் வெள்ளிக்கிழமை அது பரணுக்கு ஏறி, இறங்கத் தெரியாமல், எல்லாரும் போனபின் இரவு பதினொரு மணி வரை கத்திற்று. அடுத்த வாரம் முதல் பெட்டியோடு பக்கத்து வீட்டில் கொண்டுபோய் வைத்தோம். அங்கே தனியாய் வாழ்ந்த மராத்தி மூதாட்டியை எல்லாரும் மாவ்ஷி என்பார்கள். சின்னம்மா என்று பொருள். மராத்தியில் பூனையைப் புலியின் சின்னம்மா என்று சொல்லுவது வழக்கம். "ஒரு மாவ்ஷி வீட்டிற்கு இன்னொரு மாவ்ஷி வந்திருக்கிறாள்" என்று சொல்லி வாங்கிக்கொண்டார்.

பிள்ளைகளுக்கு ஒரு கட்டளை மட்டும் கொடுங்கள்: விரலை விளையாட்டுப் பொருளாக்கக்கூடாது. இன்று விரலைக் கடித்து விளையாடும் குட்டி, ஆறு மாதத்தில் கையைக் கிழிக்கும். காகித உருண்டை எறிந்தால் போதும், நாள் முழுவதும் விளையாடும். நகங்களைத் தீட்ட ஒரு பலகையில் தேங்காய்நார்க் கயிற்றை இறுகச் சுற்றிச் சுவரோரம் சாய்த்து வைத்தால், சோபாவின் உறை பிழைக்கும்.

பாலும் தயிர்ச்சாதமும்

பூனைக்குப் பால் என்று நாம் பாலர் பாடப் படங்களில் பார்த்துப் பழகியிருக்கிறோம். தாய்ப்பால் மறந்தபின், பாலிலுள்ள சர்க்கரையைச் செரிக்கும் ஆற்றல் பூனைக்குக் குறைந்துபோகிறது. பசும்பால் குடித்த குட்டிக்கு வயிற்றுப்போக்கு உண்டாகும். அத்தனை சிறிய உடம்பில் ஒன்றிரண்டு நாள் வயிற்றுப்போக்கே உயிருக்கு ஆபத்து. குடிக்கத் தண்ணீர் போதும்.

பூனை மாமிசபட்சணி. நாய் நம்மோடு சாதம் தின்று பிழைக்கும், பூனையால் முடியாது. டாரின் என்னும் ஒரு சத்தைத் தேவையான அளவுக்குத் தன் உடம்பில் உண்டாக்கிக்கொள்ள அதற்கு இயலாது. அது மாமிசத்திலும் மீனிலும் உள்ளது. அது குறைந்தால் கண்பார்வை மங்கும். இருதயத் தசையும் தளரும் என்பதைக் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாகத்து மருத்துவர்கள் 1987ஆம் ஆண்டில் கண்டறிந்தார்கள். அதன் பின்பே ஆயத்த உணவு தயாரிப்பவர்கள் அந்தச் சத்தைக் கூட்டிச் சேர்த்தார்கள். எனவே தயிர்ச்சாதத்திலும் பிஸ்கட்டிலும் பூனை வளர்ப்பது மெதுவாய்ப் பட்டினி போடுவதே. பிஸ்கட்டின் இனிப்பு அதன் நாவுக்குத் தெரியவே தெரியாது. இனிப்பை உணரும் மரபணு பூனையில் செயலற்றுப்போயிருக்கிறது.

வசதிக்கேற்ப இப்படிச் செய்யலாம். பூனைக்குட்டிக்கென்று விற்கப்படும் ஆயத்த உணவே அடிப்படையாயிருக்கட்டும். அதோடு உப்பும் மசாலாவும் சேர்க்காமல் வேகவைத்த கோழித்துண்டு, முள் நீக்கிய மீன் ஆகியவற்றைச் சிறிது கொடுக்கலாம். வெறும் கோழிச்சதை மட்டும் கொடுத்தால் எலும்புக்கு வேண்டிய சுண்ணாம்புச்சத்து கிடைக்காது. கருவாடு வேண்டாம், உப்பு அதிகம். நம் குழம்பில் ஊறிய மீனும் வேண்டாம், ஏனெனில் வெங்காயமும் பூண்டும் அதன் இரத்தத்தை அழிக்கும். ஆறு மாதம் வரை ஒரு நாளைக்கு மூன்று, நான்கு வேளை சிறிது சிறிதாய்க் கொடுங்கள். ஒரு நாள் முழுவதும் ஒன்றும் தின்னாத குட்டியை நாளைக்குப் பார்ப்போம் என்று விடாதிருங்கள்.

சுத்தம்

இதில் பூனை நமக்குப் பாடம் சொல்லும். அகலமான பிளாஸ்டிக் தட்டில் இரண்டு விரற்கடை மணலோ, கடையில் விற்கும் பூனைமணலோ பரப்பி, சாப்பிட்டு எழுந்தவுடன் குட்டியை அதில் விடுங்கள். பெரும்பாலும் ஒரே நாளில் கற்றுக்கொள்ளும். தவறிப்போனால் மூக்கை அதில் தேய்க்கும் பழைய வழக்கம் பயத்தை மட்டுமே கற்பிக்கும். தினமும் அழுக்கை அள்ளிவிடுங்கள். தட்டைக் கழுவ பினாயில் கூடாது. அது பாதத்தில் ஒட்டி, நக்கும்போது வயிற்றுக்குள் போகும். சோப்பும் வெந்நீரும் போதும்.

வீட்டில் கர்ப்பவதி இருந்தால் பூனையைத் துரத்திவிட வேண்டும் என்று உறவினர்கள் சொல்லுவார்கள். தேவையில்லை. மணல் தட்டை வேறொருவர் சுத்தம் செய்யட்டும். பூனையின் மலத்திலிருந்து வரக்கூடிய டாக்சோபிளாஸ்மா என்னும் கிருமி தொற்றும் நிலையை அடைய ஒரு நாளாவது ஆகும். எனவே அன்றாடம் அள்ளுவதே பெரிய பாதுகாப்பு. கணவன்மார்கள் இதைச் செய்யக் கூச்சப்படுகிறார்கள் என்று கேள்விப்படுகிறேன். ஒன்பது மாதந்தானே!

வீட்டிற்குள் உள்ள ஆபத்துகள்

மருந்து டப்பாவைக் குறித்து இன்னும் சொல்ல எனக்கு மனமில்லை. மனிதருக்குரிய எந்த மாத்திரையையும் மருத்துவர் சொல்லாமல் கொடாதிருங்கள். நாய்க்கு உண்ணி போக்கப் பிடரியில் விடும் பெர்மெத்ரின் கலந்த மருந்தும் பூனைக்கு நஞ்சு. பீரோவில் போடும் அந்துருண்டையும் அப்படியே.

நம் சகோதரிகளில் அநேகர் வீட்டிலிருந்தே தையல் வேலை செய்கிறார்கள். ஊசியில் கோத்த நூலைப் போலக் குட்டியை இழுப்பது வேறொன்றுமில்லை. அதன் நாவிலுள்ள முட்கள் உட்பக்கம் சாய்ந்திருப்பதால், வாயில் போன நூலைத் துப்ப முடியாமல் விழுங்கிக்கொண்டே போகும். அது குடலைச் சுருக்கி அறுத்துவிடும். வாயிலோ பின்புறமோ நூல் தொங்கக் கண்டால் இழுக்காதிருங்கள். அப்படியே மருத்துவரிடம் கொண்டுபோங்கள். சடை போடும் ரப்பர் வளையங்களையும் எடுத்து வையுங்கள். துணி துவைக்கும் இயந்திரத்தை ஓடவிடுமுன் உள்ளே கைவிட்டுப் பாருங்கள். வெதுவெதுப்பான துணிக்குள் குட்டி உறங்கிக்கொண்டிருக்கலாம்.

சன்னல் எல்லாவற்றிலும் பெரிய ஆபத்து. பூனை எங்கிருந்து விழுந்தாலும் காலூன்றி நிற்கும் என்று நம்பிக் கம்பிகளுக்கிடையே விட்டுவிடுகிறோம். நியூயார்க்கில் ஒரு விலங்கு மருத்துவமனைக்கு 1984ஆம் ஆண்டில் ஐந்தே மாதங்களில் மாடிகளிலிருந்து விழுந்த 132 பூனைகள் வந்தன. சிகிச்சை பெற்றவற்றில் பத்தில் ஒன்பது பிழைத்தன என்பதை எல்லாரும் எடுத்துச் சொல்லுகிறார்கள். ஆனால் அவற்றில் அநேகம் நெஞ்சுக்கூட்டிலும் தாடையிலும் கால்களிலும் காயப்பட்டிருந்தன. விழுந்த இடத்திலேயே மரித்தவை அந்தக் கணக்கில் வரவில்லை. புறாவுக்குக் கட்டும் நைலான் வலையைப் பூனை கடித்துவிடும். கம்பிவலை அடியுங்கள், குட்டி வருமுன்னே.

மருத்துவரிடம்

முதல் வாரத்திலேயே ஒருமுறை காட்டிவிடுங்கள். தாய்ப்பாலின் வழியாகவே குடற்புழு குட்டிக்கு வந்துவிடுவதால் புழுமருந்து அவசியம். ஆறு முதல் எட்டு வாரத்தில் தொடங்கி, மூன்று நான்கு வாரத்திற்கொருமுறை, பதினாறு வாரம் ஆகும் வரை தடுப்பூசி போடவேண்டும். மூன்று மாதத்தில் வெறிநோய்த் தடுப்பூசி. பெண்குட்டி நான்கு மாதத்திலேயே சினையாகும் பருவத்தை எட்டக்கூடும்; எனவே ஐந்தாம் மாத அளவில் கருத்தடை அறுவை சிகிச்சையைக் குறித்து மருத்துவரிடம் பேசுங்கள். மும்பையில் உள்ளவர்களுக்குப் பரேலில் பாய் சகர்பாய் தின்ஷா பெட்டிட் விலங்கு மருத்துவமனை உண்டு. பத்தொன்பதாம் நூற்றாண்டு முதல் நடந்துவருகிறது.

பிள்ளையைக் குட்டி கடித்தாலோ, இரத்தம் வரக் கீறினாலோ, மஞ்சள் வைத்துக் கட்டாதிருங்கள். ஓடுகிற தண்ணீரில் சோப்பிட்டுப் பதினைந்து நிமிடம் கழுவி, அன்றைக்கே மருத்துவமனைக்குப் போங்கள். நாய்க்குத்தான் வெறிநோய், பூனைக்கு இல்லை என்பது தவறு. பிள்ளையின் தோலில் வட்டமாய்ப் படர்தாமரை தோன்றினால் பிள்ளையையும் குட்டியையும் சேர்த்தே காட்டுங்கள். அது குணமாகும் வியாதி.

மே மாத விடுமுறை

வருஷம் முழுவதும் வளர்த்த குட்டியை, ஊருக்கு ரயிலேறும் நாளில், மீன் மார்க்கெட்டுக்கு அருகே விட்டுவிட்டுப் போகிற குடும்பங்களை நான் அறிவேன். அங்கே மீன் உண்டு, பிழைத்துக்கொள்ளும் என்பார்கள். நாலாம் மாடியில் வளர்ந்த குட்டிக்கு நாயைக் கண்டால் ஓடத் தெரியாது. அங்குள்ள பூனைகள் அதைச் சேர்க்காது. பசியாலும் தாகத்தாலும் வருந்தும்படி ஒரு மிருகத்தை நியாயமான காரணமின்றிக் கைவிடுவது 1960ஆம் ஆண்டின் மிருகவதைத் தடுப்புச் சட்டத்தின்படி குற்றமும் ஆகும். டிக்கெட் எடுக்கும் நாளிலேயே, பூனையை யார் பார்ப்பார்கள் என்பதையும் முடிவு செய்யுங்கள். பூனை வேறு வீட்டிற்குப் போவதைவிட, நம்பிக்கையுள்ள ஒருவர் நம் வீட்டிற்கு வந்து இரு வேளை உணவும் தண்ணீரும் வைத்து, தட்டைச் சுத்தம் செய்து, சற்று நேரம் உட்கார்ந்திருப்பது அதற்கு நல்லது.

எங்களுக்கு மாவ்ஷி இருந்தார். 2008ஆம் ஆண்டு மே மாதம் சாவியை அவரிடம் கொடுத்து மூன்று வாரம் நாகர்கோவிலுக்குப் போனோம். திரும்பி வந்து கதவைத் திறந்தபோது பூனை எங்களைப் பார்த்தது. பின்பு எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, வாசலைக் கடந்து, மாவ்ஷியின் வாசற்படியில் போய் உட்கார்ந்தது. இரண்டு நாள் அங்கேதான். சாப்பிட மட்டும் வந்தது. மூன்றாம் நாள் இரவு விளக்கணைத்த பின், எப்பொழுது வந்தது என்று தெரியவில்லை, காலையில் எழுந்து பார்த்தபோது மகளின் காலடியில் படுத்திருந்தது.